மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒரு கேபிளா?

கீழே ஹாலில் போனை வைத்து வேகம் பார்த்தால் 95 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 95 மெகாபிட்). படியேறி மாடி அறைக்குப் போனால் அதே போனில் 4. ஆபீஸ் மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கிறது. எதிர்முனையில் “கேக்குதா, கேக்குதா” என்கிறார்கள். கடையில் போய்ச் சொன்னால் 1,200 ரூபாய் ரிப்பீட்டரை எடுத்து நீட்டுகிறார்கள். இணையத்தில் தேடினால் 12,000 ரூபாய் மெஷ் பெட்டி வருகிறது. எலக்ட்ரீஷியனைக் கேட்டால் “ஒரு ஒயர இழுத்துடலாம் சார்” என்கிறார். மூவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குச் சரியாக வருவது இன்னொரு வீட்டில் வீண் செலவு.

இங்கே எடுத்துக்கொள்வது நம் ஊரில் அதிகம் காணும் அமைப்பு: தளத்துக்கு 1,000 சதுர அடி அளவில் கீழும் மேலுமாக இரண்டு தளம், 9 அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம், தெருப்பக்க ஹாலில் ஃபைபர் பெட்டி (ரவுட்டரும் அதுதான்). அபார்ட்மெண்ட்டில் கடைசிப் படுக்கையறைக்கு எட்டாத சிக்கலும் ஏறக்குறைய இதே கதைதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

மாடியில் என்ன வேலை? யூடியூப் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். ஜூம், டீம்ஸ் அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு விநாடி அலை தடைப்பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. வீடியோ அழைப்பில் அரை விநாடி தடைப்பட்டாலே பேச்சு அறுந்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வேகத்தைவிட நிதானம் முக்கியம். 4கே டிவி இருந்தால் மட்டும் 25 எம்பிபிஎஸ் என்று கணக்கு வையுங்கள்.

நடுவில் என்ன இருக்கிறது? தூரத்தைவிடத் தடைதான் பெரிய எதிரி. 10 டெசிபெல் இழப்பு என்றால் அலையில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் (பேண்ட்) ஓடும். ஒரு 9 அங்குலச் சுவரே 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் கிட்டத்தட்ட அந்த அளவைத் தின்றுவிடும். கம்பி நிறைந்த கான்கிரீட் தளம் அதைவிட மோசம்.

சுவரில் துளை போட முடியுமா? சொந்த வீடா, வாடகை வீடா, வீட்டுக்காரர் எப்படி?

உங்கள் பிளான் என்ன? 40 எம்பிபிஎஸ் பிளானுக்கு 12,000 ரூபாய் மெஷ் வைப்பது சைக்கிளுக்கு லாரி டயர் போடுவது. 300 எம்பிபிஎஸ் கட்டுகிறவர் 1,200 ரூபாய் ரிப்பீட்டரை நம்பினால் மாதா மாதம் நஷ்டம்.

கரண்ட் போனால்? கீழ் ரவுட்டருக்கு யூபிஎஸ் வைத்திருப்பவர்கள்கூட மாடிப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

3 ஆண்டுச் செலவு. பெட்டியின் விலையோடு மின்சாரம், கூலி, வாடகை எல்லாம் சேரும். எந்நேரமும் ஓடும் 8 வாட் பெட்டி ஒன்று இரண்டு மாத மின் கணக்கில் 11.5 யூனிட் எடுக்கும். ஒரு பெட்டிக்குச் சிறிய தொகைதான்; மூன்று பெட்டி வைக்கும்போது யோசிக்க வேண்டும்.

## வாங்கும் முன் ஒரு மணி நேரம்

முதலில் தவறு வைஃபையிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பை மாடி அறைக்கு எடுத்துப்போய், ரவுட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ பெட்டியில் 192.168.29.1, அடியில் ஒட்டியிருக்கும் தாளிலேயே இருக்கும். பதில் 2 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் வந்துகொண்டே இருந்தால் வைஃபை நன்றாகவே இருக்கிறது, லைனில்தான் கோளாறு. இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பெட்டியும் அதைத் தீர்க்காது. 5, 8, 340, 6, பதிலில்லை, 210 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை.

அடுத்து சிக்னல் அளவு. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் குறிக்குப் பின்னால் வரும் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் போனில் இரண்டு கோடு தெரியும், வேலை நடக்காது. ஒவ்வோர் அறையிலும், படிக்கட்டின் நடுத் திருப்பத்திலும் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

பிறகு செலவில்லாத வேலைகள். ஃபைபர் பெட்டி டிவிக்குப் பின்னாலோ, கண்ணாடி ஷோகேஸுக்குள்ளோ, இரும்பு பீரோவின் தலைமேலோ இருந்தால் அதை வெளியே கொண்டுவந்து, ஐந்தாறு அடி உயரத்தில் திறந்த சுவரில் மாட்டுங்கள். பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி மூன்றும் அலையைத் திருப்பியடிப்பவை. மீன் தொட்டித் தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே ஓடுவதால் பால் சூடாகும் இரண்டு நிமிடமும் பக்கத்து அறையில் வைஃபை தடுமாறும்.

மாடி வீட்டில் ரவுட்டருக்கு ஆகச் சிறந்த இடம் படிக்கட்டின் வாய். கான்கிரீட் தளத்தில் இருக்கும் ஒரே பெரிய ஓட்டை அதுதான். ஃபைபர் ஒயரை நீட்டி ஹாலிலிருந்து படிக்கட்டுப் பக்கம் மாற்றித் தரும்படி லைன்மேனிடம் கேட்டால் ஒரு சின்னத் தொகைக்குச் செய்துவிடுவார். நீங்களாக இழுக்காதீர்கள். அந்த மெல்லிய ஒயரைச் சுண்டுவிரல் சுற்றளவுக்கு மடக்கினாலே உள்ளே ஒளி கசிந்து, பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

வெளியே ஆன்டெனா உள்ள பெட்டியில் இன்னொரு வேலை. நட்டுக்குத்தலாக நிற்கும் ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில்தான் அதிகம் வீசும். உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகினால் எப்படியோ, அப்படி: குச்சி ஆன்டெனா, வடை அலை. நேர் மேலே இருக்கும் அறைக்குக் கிடைப்பது ஓட்டை மட்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றைப் படுக்கப் போடுங்கள். கடைசியாக, ரவுட்டரின் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தார் குறைவாக உள்ள ஒன்றில் வையுங்கள். இடையில் உள்ள 3, 8 போன்றவை இரண்டு பக்கத்தோடும் மோதும்.

இவ்வளவும் செய்து மாடியில் மைனஸ் 67 வந்துவிட்டால் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். வராதவர்கள் மேலே படியுங்கள்.

## ரிப்பீட்டர்

சுவர் பாயிண்ட்டில் நேரடியாகச் செருகும் சின்னப் பெட்டி. 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். ரவுட்டரிலும் இதிலும் டபிள்யூபிஎஸ் பொத்தானை (பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைக்கும் பொத்தான்) அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கீழிருந்து வரும் அலையை வாங்கி, மறுபடி உரக்கச் சொல்லும். சிக்கலும் அங்கேதான். ஒரே ரேடியோ வாங்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். “300 எம்பிபிஎஸ்” என்று அட்டையில் போட்ட 2.4 மட்டும் உள்ள ரிப்பீட்டர், நிஜ வீட்டில் 15 முதல் 30 எம்பிபிஎஸ் கொடுத்தால் நல்லபடி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் கூடுதல் விலையில் இரண்டு பேண்டும் உள்ளது வாங்கினால், கீழிருந்து 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4-இல் கொடுக்கும், அல்லது மாற்றியும் செய்யும். இந்தப் பாதிப் பிரச்சினை பெரிதும் குறையும். அட்டையில் “ஏசி 1200” என்று இருப்பது 300-ஐயும் 867-ஐயும் கூட்டி மேலே தூக்கிய எண். எந்தப் போனுக்கும் அது முழுசாகக் கிடைக்காது.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, சிக்னல் வராத அறையிலேயே ரிப்பீட்டரைச் செருகுவது. காது கேட்காதவரிடம் செய்தி சொல்லி அனுப்புவது போலத்தான் அது. மாடி அறையில் போன் ஐந்து கோடும் காட்டும், ஏனென்றால் ரிப்பீட்டர் பக்கத்தில் இருக்கிறது. இணையம் மட்டும் ஊராது, ஏனென்றால் ரிப்பீட்டருக்கே கிடைப்பது மைனஸ் 80. நடுவழியில், மைனஸ் 65-க்குக் குறையாமல் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். நம் வீட்டில் அந்த நடுவழி பெரும்பாலும் படிக்கட்டின் திருப்பம். அங்கே பிளக் பாயிண்ட் இருக்காது! எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துப் படியில் தொங்கவிடும் வீடுகள் ஏராளம்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பாயிண்ட் எடுக்கும் செலவை ரிப்பீட்டர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைவான இன்னும் இரண்டு செலவு. ஒன்று கரண்ட்: சுவரில் செருகும் ரிப்பீட்டருக்கு அடாப்டர் கிடையாது, நேராக 230 வோல்ட். ரவுட்டருக்கு வாங்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸை இதில் மாட்ட முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்ட்டில் இருந்தால்தான் கரண்ட் கட்டிலும் ஓடும். மற்றொன்று பெயர் மாற்றம்: பல ரிப்பீட்டர்கள் வைஃபை பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டித் தனிப் பெயராக வைக்கும். ஹாலிலிருந்து மாடிக்குப் போகும்போது போன் தானாக மாறாது. கீழ் ரவுட்டரின் ஒற்றைக் கோட்டையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஒரே பெயர் வைத்தாலும் விடாப்பிடி போன்கள் உண்டு.

இதனால் வரும் தொல்லை இணையத்தோடு நிற்காது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு பேசும் வசதியைக் கொண்டுவந்தன. வைஃபை நன்றாக இருக்கும் வீட்டில் அது வரப்பிரசாதம். அரைகுறைச் சிக்னலில் போன் வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டு, படியேறும்போது அழைப்பை அறுக்கும். டவர் சிக்னல் முழுசாக இருந்தும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது என்று புகார் சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இவ்வளவு சொன்னதால் ரிப்பீட்டர் குப்பை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடகை வீடு, 40 எம்பிபிஎஸ் பிளான், மாடியில் ஒருவர் மட்டும் படம் பார்ப்பது, மொட்டை மாடியில் ஒரு கேமரா: இதற்கெல்லாம் ரிப்பீட்டர் போதும். வீட்டைக் காலி செய்தால் கையோடு கழற்றிக்கொண்டு போகலாம்.

## மெஷ்

ஒரே மாதிரி இரண்டு அல்லது மூன்று பெட்டி. வீடு முழுக்க ஒரே பெயர். ரிப்பீட்டரிடம் இல்லாதது இதில் ஒன்று உண்டு: பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, “நீ மேல இருக்கிற பெட்டிக்கு மாறிக்கோ” என்று போனுக்குச் சொல்லும். முடிவு போனுடையதுதான், ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் வந்த போன்கள் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. பேசிக்கொண்டே ஹாலிலிருந்து மாடி பால்கனிக்குப் போகலாம்.

வைஃபை 5 (எண் ஏற ஏறப் புதிய தலைமுறை) வகையில் இரண்டு பெட்டி ஏறக்குறைய 5,000 முதல் 8,000 ரூபாய். வைஃபை 6 வகை 9,000-இலிருந்து மேலே ஏறும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு வைஃபை 5 போதுமானது. 300-க்கு மேல் கட்டுகிறவர்கள், வீட்டில் இருபது முப்பது கருவிகள் உள்ளவர்கள் வைஃபை 6 பார்க்கலாம். வைஃபை 7-க்கு 2024 ஜனவரியில்தான் சான்றளிக்கத் தொடங்கினார்கள்; உங்கள் போன், லேப்டாப் அதற்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

விளம்பரம் சொல்லாத விஷயம்: மெஷ் பெட்டிகளும் தங்களுக்குள் காற்று வழியாகவே பேசுகின்றன. நடுவில் அதே கான்கிரீட் இருந்தால் மெஷ் என்பது நல்ல பழக்கவழக்கம் உள்ள ரிப்பீட்டர், அவ்வளவே. இரண்டு பேண்ட் மெஷ்ஷில் பெட்டிகளின் பேச்சும் உங்கள் போனின் பேச்சும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸைப் பங்குபோடும். மூன்று பேண்ட் உள்ளதில் பெட்டிகளுக்கெனத் தனித் தடம் உண்டு; விலையும் அதற்கேற்ப ஏறும். ஆகவே வைக்கும் இடம் இங்கும் அதேதான்: ஒன்று படிக்கட்டின் அடியில், மற்றொன்று படியேறியவுடன். மெஷ் பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் ஒயர் இருப்பதால் பாயிண்ட் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு தள வீட்டுக்கு இரண்டு பெட்டி போதும். “மூன்று வாங்கினால் தள்ளுபடி” என்று மூன்றாவதை வாங்கி நடு அறையில் வைத்தால் அது மற்ற இரண்டோடும் மோதுவதுதான் மிச்சம்.

இன்னொரு தலைவலி, ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர் என்பது. அதன் பின்னால் மெஷ்ஷை ரவுட்டராகவே ஓட விட்டால் வீட்டுக்குள் இரண்டு வலையமைப்பு உருவாகும். பழைய வைஃபையில் இருக்கும் பிரிண்டரை மெஷ்ஷில் இருக்கும் லேப்டாப் கண்டுபிடிக்காது. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி அடம்பிடிக்கும். மெஷ் செயலிக்குள் போய் “ஆக்சஸ் பாயிண்ட் மோடு” என்பதற்கு மாற்றுங்கள்; அப்போது அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை அலையை மட்டும் கொடுக்கும். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய பெயரையே பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றையொன்று இரைச்சலில் மூழ்கடிக்கும்.

மெஷ்ஷின் மறைவான செலவுகள்: ஒவ்வொரு பெட்டிக்கும் தனி யூபிஎஸ், நிறுவனத்தின் செயலியில் கணக்குத் திறந்தால்தான் அமைப்பே திறக்கும் சில வகைகள், இரண்டு ஆண்டு கழித்து ஒரு பெட்டி போனால் அதே வகை சந்தையில் இல்லாமல் போவது. விலை குறைந்த மெஷ்ஷில் லேன் துளை (கேபிள் செருகும் இடம்) 100 எம்பிபிஎஸ் மட்டும் தாங்கும். வாங்கும் முன் “கிகாபிட்” (1,000 எம்பிபிஎஸ்) என்ற சொல் துளை விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இணைய நிறுவனங்கள் சில மாத வாடகைக்குத் தருவதும் உண்டு. மாதம் 100 ரூபாய்தானே என்று தோன்றும். 3 ஆண்டுக்கு 3,600, அதன் பிறகும் பெட்டி உங்களுடையது ஆகாது.

## ஒரு கேபிள், மேலே ஒரு ஆக்சஸ் பாயிண்ட்

வயரில்லாத வசதி நன்றாக வேண்டுமென்றால் ஒரு வயரை இழுத்தாக வேண்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை அதுதான். கான்கிரீட்டைக் கடக்கும் வேலையைத் தாமிரத்துக்குக் கொடுத்துவிட்டு, கடைசி 15 அடியை மட்டும் காற்றுக்கு விட்டால் மாடியில் கீழே கிடைக்கும் அதே வேகம் கிடைக்கும். பிங் 3 மில்லிசெகண்டில் நிற்கும். மற்ற இரண்டு வழியிலும் இதற்கு உத்தரவாதம் கிடையாது.

செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஹாலிலிருந்து மாடி அறைக்கு 15 முதல் 20 மீட்டர். நல்ல கேட் 6 வகை லேன் கேபிள் மீட்டர் 25 முதல் 40 ரூபாய். கேமரா மாட்டுபவர்களே இந்த வேலையைச் செய்வார்கள். மேலே வைக்கப் புதிய ஆக்சஸ் பாயிண்ட் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும்; பரணில் தூங்கும் பழைய ரவுட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு மேல் தாமிர முலாம் பூசிய கம்பியைக் கேட் 6 என்றே விற்கிறார்கள். பிளேடால் உள்கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். நாலைந்து முறை மடக்கினால் முறிந்துவிடும். பிளக் போட்ட இடத்தில் சில மாதத்தில் தொடர்பு விட்டுப் போகும்.

வழி: புதிய வீடுகளில் டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். டிஷ்ஷுக்கு மாறிய பிறகு அந்தப் பழைய ஒயர் சும்மா கிடக்கும். அதன் நுனியில் லேன் கேபிளைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் சுவரை உடைக்காமல் வேலை முடியும். கரண்ட் ஒயர் ஓடும் பைப்பில் மட்டும் விடாதீர்கள். பைப் இல்லையென்றால் படிக்கட்டின் ஓரமாக வெள்ளை பிவிசி கேசிங். வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டுமானால் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும். துளையை உள்ளிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் போடச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராது. வெளியே நீண்ட தூரம் ஓடும் தாமிரக் கம்பி இடி மின்னல் காலத்தில் இரண்டு பக்கப் பெட்டியின் துளையையும் சேர்த்துக் கருக்கக்கூடும். எனவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு வீட்டுக்குள்ளேயே கொண்டுபோங்கள்.

பிளக் போடும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே. வேலை முடிந்ததும் லேப்டாப்பில் கேபிளைச் செருகி இணைப்பு வேகம் 1 கிகாபிட் காட்டுகிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள். 100 காட்டினால் எட்டுக் கம்பியில் நாலுதான் சரியாகப் பிடித்திருக்கிறது. இணையம் வருவதால் “ஓகே சார்” என்று கிளம்பிவிடுவார்கள். 300 எம்பிபிஎஸ் பிளானில் 95-க்கு மேல் ஏறாமல் நிற்பதற்கு இதுதான் பல வீடுகளில் காரணம்.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றுவது:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பைக் கேபிளால் அதன் லேன் துளையில் மட்டும் இணையுங்கள். வீட்டு நெட்டோடு இன்னும் சேர்க்க வேண்டாம்.
2. வைஃபை பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் கீழ் ரவுட்டரில் உள்ளபடியே வையுங்கள். பாதுகாப்பு வகையும் ஒன்றாகவே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.
3. அதன் லேன் முகவரியை மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250. கீழ் ரவுட்டர் போன்களுக்கு வழங்கும் எண் வரிசை 200-உடன் முடியும்படி அங்கே குறைத்துவிடுங்கள்.
4. கடைசியாக இதன் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு முகவரி எண் வழங்கும் வேலை) அணையுங்கள். இதை மறந்தால் வீட்டில் எண் வழங்கும் அதிகாரி இருவர் ஆவார்கள். “கனெக்ட் ஆயிருக்கு, நெட் இல்ல” என்ற புகார் நாளுக்கு ஒருவரிடமிருந்து வரும்.
5. கீழிருந்து வரும் கேபிளை இதன் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் (WAN) துளையில் அல்ல.

கரண்ட் விஷயத்திலும் கேபிளுக்கு ஒரு சாதகம் உண்டு. பிஓஇ வகை ஆக்சஸ் பாயிண்ட் என்றால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். அதற்கான இன்ஜெக்டரை (கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சின்னப் பெட்டி) கீழே இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் செருகினால் மேலே தனி ஏற்பாடு வேண்டாம். 24 வோல்ட் வகையும் 48 வோல்ட் வகையும் சந்தையில் இருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாது. பெட்டியோடு வரும் இன்ஜெக்டரையே பயன்படுத்துங்கள். அலுமினியக் கேபிளில் பிஓஇ கொடுத்தால் கேபிள் சூடாகும், மேலே வோல்ட் குறைந்து பெட்டி அணைந்து அணைந்து எரியும்.

குறை? துளை, கேசிங், தூசி, ஒரு நாள் வேலை. போன் தானாக மாறும் விஷயத்தில் பழைய ரவுட்டர் மெஷ் அளவுக்குச் சாமர்த்தியம் காட்டாது. மாறாமல் அடம்பிடித்தால் கீழ் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சக்தியைப் பாதியாகக் குறையுங்கள். மாடியில் அதன் குரல் கேட்காமல் போனால் போனுக்கு வேறு வழியில்லை.

## ஒரே பார்வையில்

| | ரிப்பீட்டர் | மெஷ், இரண்டு பெட்டி | கேபிள் + ஆக்சஸ் பாயிண்ட் |
|---|---|---|---|
| முதல் செலவு | 1,000–2,500 ரூ. | 5,000–15,000 ரூ. | 1,500–5,000 ரூ., கூலி உட்பட |
| 100 எம்பிபிஎஸ் பிளானில் மாடியில் கிடைப்பது | 15–40 | 40–80, இடத்தைப் பொறுத்து | 90-க்கு மேல் |
| வீடியோ அழைப்பு | தடங்கலுக்கு வாய்ப்பு | பெரும்பாலும் சரி | கவலையில்லை |
| நடந்துகொண்டே பேசுவது | அறும் | அறாது | சில போன்களில் ஒரு நொடி விடும் |
| கரண்ட் கட் | இன்வெர்ட்டர் பாயிண்ட் தேவை | பெட்டிக்கு ஒரு யூபிஎஸ் | பிஓஇ என்றால் கீழே ஒன்று போதும் |
| துளை | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |
| வீடு மாறினால் | கையோடு வரும் | கையோடு வரும் | கேபிள் அங்கேயே இருக்கும் |

## மற்ற இரண்டு வழிகள்

மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் இது சரிவராததற்குக் காரணம் மூன்று ஃபேஸ். கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி இன்னொரு ஃபேஸ் என்று பிரித்திருந்தால் அடாப்டர் ஒன்றையொன்று பார்க்காமலே போகலாம். இன்வெர்ட்டர், ஸ்பைக் கார்டு எல்லாம் நடுவில் புகுந்து மிச்சத்தையும் கெடுக்கும். திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில் மட்டும் முயன்று பாருங்கள்.

மாடிக்குத் தனி இணைப்பு எடுப்பது இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டுக்குச் சரி. மாதம் 500 ரூபாய் பிளான் என்றால் ஜிஎஸ்டி இல்லாமலே ஆண்டுக்கு 6,000. ஒரே வருடத்தில் மெஷ் விலை. ஆனால் இருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இடத்தில் வேறு நிறுவனத்தின் இணைப்பாக எடுத்தால், ஒன்று படுத்தால் மற்றொன்று கைகொடுக்கும். அந்தக் காப்புக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது தவறில்லை.

## யாருக்கு எது

வாடகை வீடு, ஒருவர், படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும்: இரண்டு பேண்ட் ரிப்பீட்டர். 2.4 மட்டும் உள்ளதில் 500 ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாடகை வீடு, வீட்டிலிருந்து வேலை: மெஷ். முடிந்தால் கேசிங்கைக் கூட ஒட்டாமல், படிக்கட்டுக் கைப்பிடியோரமாக ஒரு தட்டை லேன் கேபிளை விட்டு இரண்டு மெஷ் பெட்டியையும் இணைத்துவிடுங்கள். காற்று வழிப் பேச்சு நின்று, மெஷ்ஷின் நல்ல குணமும் கேபிளின் வேகமும் சேர்ந்து கிடைக்கும்.

சொந்த வீடு: கேபிள். யோசிக்க ஒன்றுமில்லை. இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால், கூரை சென்ட்ரிங் போடும் முன்பே ஒவ்வொரு தளத்துக்கும் படிக்கட்டுப் பக்கம் ஒரு தனிப் பைப்பை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். பைப் ஒன்றின் விலை சில நூறு. பிறகு கான்கிரீட்டைக் குடைவது அப்படியல்ல.

எதிரில் தனியாக நிற்கும் அவுட்ஹவுஸ், தோட்டத்து மோட்டார் அறை போன்றவற்றுக்கு இந்த மூன்றும் வேண்டாம். இடையே மரம் மறைக்காமல் நேராகத் தெரிந்தால், இரண்டு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பெட்டி ஜோடி. மறைத்தால் ஃபைபர் ஒயரும், அதை இரண்டு முனையிலும் லேன் கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதால் இடிக்குப் பயமில்லை.

எதைப் போட்டாலும், வந்தவருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் யாரையாவது வீடியோவில் கூப்பிடுங்கள். ஹாலிலிருந்து பேசிக்கொண்டே படியேறி, கதவைச் சாத்திக்கொண்டு மாடி அறையில் இரண்டு நிமிடம், பிறகு மொட்டை மாடி வரை நடந்துவிட்டு இறங்குங்கள். படம் எந்தப் படியில் உறைகிறதோ அந்த இடத்தில் நின்று டிபிஎம் பாருங்கள். முன்னால் குறித்து வைத்த தாளில் அதே இடத்தின் எண்ணோடு ஒப்பிட்டால், பெட்டியை எந்தப் பக்கம் இரண்டடி நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.